காரின் முன்கண்ணாடி: கழற்றுவதும் ஒட்டுவதும் யார் வேலை?

காரின் முன்கண்ணாடி காற்றையும் மழையையும் தடுத்துப் பாதையைக் காட்டும் ஒரு பலகை என்ற அளவிலேயே பெரும்பாலும் எண்ணப்படுவதால், அது விரிசல் விட்டதும், கண்ணாடியை மட்டும் வாங்கி வந்து வீட்டு வாசலிலேயே பொருத்திவிட்டால் கூலி மிச்சமாகுமே என்ற நினைப்பு பலருக்கும் எழுகிறது. ஆனால் இன்றைய கார்களில் அக்கண்ணாடி வண்டியின் உடற்கூட்டோடு சேர்ந்து உழைக்கும் ஓர் உறுப்பாகும். வண்டி உருளும்போது கூரை நசுங்காமல் தாங்குவதிலும், மோதலின்போது உள்ளே இருப்பவர்கள் வெளியே வீசப்படாமல் தடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு; பல கார்களில் பயணிப் பக்கத்துக் காற்றுப்பை மேல்நோக்கி வெடித்து விரிந்து, முன்கண்ணாடியில் முட்டிய பிறகே பயணியை நோக்கித் திரும்புகிறது. கண்ணாடி தன் இடத்தை விட்டு அசையாதிருந்தால்தான் இவை யாவும் நடக்கும். அதை அசையாமல் பிடித்திருப்பது சுற்றிலும் இடப்பட்டுள்ள பசை. ஆகவே கண்ணாடியைத் தாமே மாற்றலாமா, தொழிலறிந்தவரிடம் விடலாமா என்ற கேள்விக்கு விடை காண, முதலில் அந்தப் பசையின் இயல்பை அறிய வேண்டும்.

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடியன்று; இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரால் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தை வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றாக்கியது. கீழே விழுந்த ஒரு குடுவை, உட்புறம் படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலத்தின் காரணமாக உடைந்தும் சிதறாமல் நின்றதைக் கண்ட பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனடிக்டஸ், அந்தக் கருத்தை வளர்த்து 1909-இல் காப்புரிமை பெற்றார்; இன்றைய அடுக்குக் கண்ணாடிக்கு அதுவே மூலம். கதவுகளில் பெரும்பாலும் இருப்பதோ, சூடேற்றிச் சட்டெனக் குளிர்விக்கப்பட்ட கடினக் கண்ணாடி. அது உடைந்தால் சிறு சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். இந்தியாவில் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வரையறுப்பதால், மலிவு கருதித் தரம் தெரியாத கண்ணாடியை வாங்குவது தொடக்கத்திலேயே நேரும் பிழையாகிறது.

கண்ணாடியைப் பொருத்தும் முறைகள் இரண்டு. அம்பாசடர் போன்ற பழைய கார்களில், கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பீடிங்கை மாட்டி, அதன் பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓடவிட்டு, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்து, ரப்பரின் உதட்டைத் தகட்டு விளிம்பின் மேல் ஏற்றிவிடுவார்கள். பழைய பீடிங் இறுகி வெடித்திருந்தால் புதியது வாங்க வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய நுட்பம் இல்லை. பொறுமையும் ஒரு துணையும் உள்ளவர் இதைத் தாமே செய்துகொள்ள முடியும். இக்காலக் கார்களிலோ கண்ணாடி யூரித்தேன் என்னும் பசையால் நேரடியாக உடற்கூட்டில் ஒட்டப்பட்டிருக்கிறது. இங்கேதான் கைப்பழக்கம் இன்றியமையாததாகிறது.

ஒட்டிய கண்ணாடியை எடுக்க, வைப்பரையும் ஓரப் பட்டைகளையும் கழற்றிய பின், மெல்லிய கம்பியாலோ தனிக் கத்தியாலோ பசையைச் சுற்றிலும் அறுக்க வேண்டும். அறுத்தபின் எஞ்சும் பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுக்கக் கூடாது. உறுதியாகப் பிடித்திருக்கும் பழைய பசையை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்கு விட்டு, அதன் மேலேயே புதியதை இடுவது முறை. கத்தி பட்டுப் பெயின்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தால், அந்த இடத்தில் பிரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசியாக வேண்டும். பூசாமல் விட்டால் பசைக்கு அடியில் துரு பரவி, சில ஆண்டுகளில் பிடிப்பே போய்விடும். கண்ணாடியின் ஓரத்தில் ஓடும் கறுப்புப் பட்டையும் அழகுக்காக வைத்ததன்று; வெயிலின் புற ஊதாக்கதிர் பசையைச் சிதைக்காமல் காப்பது அதுவே. பின்னர் முக்கோண வடிவில், இடையறாத ஒரே வரியாகப் பசையை இட்டு, அதன் மேற்பரப்பு தோல் கட்டுவதற்குள், பத்துக் கிலோவுக்கும் மேல் எடையுள்ள கண்ணாடியை இருவர் உறிஞ்சுபிடிகளால் தூக்கி, ஒரே முறையில் சரியான இடத்தில் இறக்க வேண்டும். இறக்கியதை மறுபடி தூக்கிச் சரிசெய்தால் பசையில் இடைவெளி விழும். அடைமழையில் அந்த வழியே நீர் கசிந்து, தரைவிரிப்பையும் அதன் கீழ் ஓடும் மின்கம்பிகளையும் நனைக்கும்.

கார்க் கண்ணாடிக்குப் பயன்படும் யூரித்தேனில் பெரும்பகுதி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, வெளிப்புறத்திலிருந்து உட்புறம் நோக்கி இறுகுவது. மேலே தொட்டால் காய்ந்தது போலத் தோன்றும்போதும் உள்ளே இளகியே இருக்கக்கூடும். வண்டியை எப்போது எடுக்கலாம் என்பது பசையின் வகையையும் அன்றைய வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்து ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை மாறும்; அதுவரை கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தம்கூடக் கண்ணாடியை நகர்த்திவிடும். கடைகளில் எளிதில் கிடைக்கும் சிலிகானை இதற்கு மாற்றாகக் கருதுவது ஆபத்தானது: அது நீரைத் தடுக்குமே தவிர மோதலைத் தாங்காது; அதன் எச்சம் இருக்கும் இடத்தில் பின்னர் யூரித்தேனும் சரியாக ஒட்டாது. பாதையைக் கவனித்துத் தானே பிரேக் பிடிக்கும் கார்களில் கண்ணாடியின் உட்புறம் கேமரா இருப்பதால், கண்ணாடி மாறிய பின் உரிய கருவிகொண்டு அதன் பார்வையை அளந்து சீர்செய்ய வேண்டியிருக்கிறது. இது வீட்டில் நடக்கும் வேலையன்று.

உரிமையாளர் தாமே செய்யத்தக்க வேலையும் ஒன்று உண்டு. கல் தெறித்து விழுந்த சிறு சில்லில் பிசினைச் செலுத்தி, புற ஊதா ஒளியால் இறுகச் செய்யும் பெட்டகங்கள் கிடைக்கின்றன. புள்ளி சிறிதாகவும், விளிம்பிலிருந்தும் ஓட்டுநரின் நேர்ப்பார்வையிலிருந்தும் விலகியும் இருந்தால் இது பயன் தரும். சில்லு விழுந்த அன்றே அதன் மேல் டேப்பை ஒட்டித் தூசியும் நீரும் புகாமல் காப்பது, பழுதுபார்த்தல் நன்றாக அமைய உதவும்.

கூலியை மிச்சப்படுத்தும் கணக்கும் பலருக்குத் தேவையற்றது. முழுக் காப்பீடு எடுத்தவர்களுக்கு முன்கண்ணாடி உடைவதும் இழப்பீட்டுக்குள் வரும்; இந்தியாவின் பொதுவான மோட்டார் பாலிசிகளில் கண்ணாடிப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவும் இல்லை. உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கும், இழப்பீடு கோராதவருக்கான தள்ளுபடி போவதும் மட்டுமே எதிர்க்கணக்கு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வசதி இல்லை. பழைய கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் உரித்தால் பழுதாகும் என்பதால் புதிய ஒன்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

தொழிலாளரிடம் ஒப்படைத்தாலே வேலை சரியாகிவிடும் என்பதும் இல்லை. அவசரத்தில் பிரைமரை விட்டுவிடுபவரும், காலாவதியான பசையை இடுபவரும் இருக்கக்கூடும். எந்தப் பசை, அதன் காலாவதி நாள் எது, பெயர்ந்த பெயின்டுக்கு அடிப்பூச்சு உண்டா, எத்தனை மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கலாம், கேமராவைச் சீர்செய்து தருவார்களா என்ற ஐந்து கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவருக்கு நல்ல வேலை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. பசையால் ஒட்டிய கண்ணாடியைப் பொறுத்தவரை, இந்த வேலையைப் பற்றி உரிமையாளர் கற்றுக்கொள்ளும் ஒவ்வொன்றும் தாமே கத்தியை எடுப்பதற்கு அன்று, கத்தியை எடுப்பவரைச் சரியாகத் தேர்ந்து மேற்பார்வையிடுவதற்கே பயன்பட வேண்டும்.