கல்லறைக்கு ஒரு கிராமம்

ஹைதராபாத்துக்குப் போகிற தமிழ்நாட்டார் சார்மினாரைப் பார்ப்பார்கள்; லாட் பஜாரில் வளையல் வாங்குவார்கள்; கோல்கொண்டாக் கோட்டையின் வாயிலில் நின்று கைதட்டி, அந்த ஓசை மலையுச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் கேட்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு ரயிலேறிவிடுவார்கள். அந்தக் கோட்டையின் பஞ்சாரா வாயிலுக்கு வெளியே, நடந்தே போகக்கூடிய தூரத்தில், 106 ஏக்கர் விஸ்தீரணத்தில், அக்கோட்டையை ஆண்ட குதுப் ஷாஹி சுல்தான்களும் அவர்களுடைய ராணிகளும் சேனாபதிகளும் வைத்தியர்களும் ஆடல் மகளிரும் உறங்குகிற சமாதித் தோட்டம் இருக்கிறதென்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. அறிந்து சென்றவர்களிலும், இப்ராஹிம் குதுப் ஷாவின் சமாதிக்கு அருகே, கூரையின்றி வெயிலிலும் மழையிலும் கிடக்கும் நேக்நாம் கானின் கல்லறையை நின்று பார்த்தவர் மிகச் சிலராகவே இருப்பர். ஆயினும் சென்னையிலிருந்து செல்லும் ஒருவன் முதலில் வணங்கி நிற்கவேண்டிய இடம் அதுதான் என்பது என் துணிபு.

நேக்நாம் என்ற பட்டப்பெயருக்கு நற்பெயர் உடையவன் என்று பொருள். அவன் அப்துல்லா குதுப் ஷாவின் கர்நாடகப் படைகளுக்குத் தலைவனாக விளங்கியவன்; அந்தக் காலத்தில் கர்நாடகம் என்றது நம் சோழமண்டலக் கரையையும் சேர்த்துத்தான். சென்னப்பட்டணத்துப் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்த ஆங்கில வியாபாரிகள் ஆண்டொன்றுக்கு 1200 வராகன் குத்தகை செலுத்தவேண்டும் என்று 1672ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்துகொடுத்தவன் இவனே. பின்னாளில் இந்தியாவின் பெரும்பகுதியை ஆண்ட ஒரு கம்பெனியார், கோல்கொண்டாவின் அதிகாரி ஒருவனிடம் பட்டயம் பெற்றுக்கொண்டு, அவன் விதித்த தொகைக்குக் குடியிருந்தார்கள். அதே ஆண்டில் நேக்நாம் கான் காலமானான். அவனுடைய கல்லறை மேடையில் ஒரு கருங்கற் பலகை நிறுத்தப்பட்டிருக்கிறது. அதில் பாரசீக மொழியில் பொறிக்கப்பட்டிருப்பது அவனுடைய வீரப்பிரதாபம் அன்று. அந்தச் சமாதியின் பரிபாலனத்துக்காக ஒரு கிராமத்தின் வருவாயை மானியமாக விட்டிருப்பதைத் தெரிவிக்கும் அரசாணை அது.

இந்தக் கல்லைப் பற்றித்தான் நான் நெடுநாளாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். நம் கோயில் மதிற்சுவர்களில் உள்ள சாசனங்களில் பெரும்பாலானவை எதைச் சொல்கின்றன? நுந்தாவிளக்கு எரிக்க இத்தனை ஆடு, நந்தவனத்துக்கு இத்தனை வேலி நிலம், இடிந்ததைப் புதுப்பிக்க இத்தனை பொன் என்றல்லவா? கட்டுகிறவனுக்கு ஒரு நாள் உற்சவம். காப்பவனுக்கோ ஆண்டு முழுவதும் வேலை. இந்த உண்மையை நன்கு உணர்ந்த நம் முன்னோரைப் போலவே கோல்கொண்டாவின் சுல்தான்களும் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்தப் பலகை சாட்சி. வைர வியாபாரத்தின் பொருட்டு அந்த ராஜ்யத்துக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரர் தவெர்னியே, இந்தச் சமாதிகளில் கம்பளங்கள் விரிக்கப்பட்டிருந்ததையும், பிற்பகல் வேளையில் வருகிற ஏழைகளுக்கெல்லாம் ரொட்டியும் புலவுச் சோறும் வழங்கப்பட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். கட்டளைச் சோறு என்று நாம் சொல்வதற்கு அங்கே வேறு பெயர் இருந்திருக்கும், அவ்வளவே.

கட்டடங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அகன்ற மேடைமேல் சதுரமான கருங்கற் கட்டடம். அதைச் சூழ வளைவுகள் நிறைந்த தாழ்வாரம். மேலே, மலரும் தறுவாயிலுள்ள மொட்டைத் தாமரை இதழ்கள் தாங்கி நிற்பது போன்ற குவிமாடம். பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான். இரண்டாம் சுல்தானான ஜம்ஷீதின் சமாதியோ எண்கோண வடிவாய் நிற்கிறது. 1591இல் ஹைதராபாத் நகரை நிர்மாணித்தவனும், தக்கணி மொழியில் கவிதை இயற்றியவனுமான முகம்மது குலியின் சமாதியே எல்லாவற்றினும் கம்பீரமானது. அதன் உயரம் ஏறக்குறைய 42 மீட்டர். அவனுடைய தந்தையாகிய இப்ராஹிம், அரியணை ஏறுமுன் ஏழாண்டுக் காலம் விஜயநகரத்தில் அடைக்கலம் புகுந்திருந்து, அங்கே தெலுங்கின் சுவையை அறிந்து, பின்னர்த் தெலுங்குப் புலவர்களால் மல்கிபராமன் என்று செல்லமாய் அழைக்கப்பட்டவன். தனக்கு அடைக்கலம் கொடுத்த அதே ராமராயனுக்கு எதிராக 1565இல் தலைக்கோட்டைப் போரில் அவன் படை சேர்த்ததும் சரித்திரம்தான். மனிதர்களின் வாழ்க்கை சிலாசாசனம்போல் ஒரே நேர்கோட்டில் அமைவதில்லை.

எட்டு சுல்தான்களில் கடைசியானவனுடைய சமாதி மட்டும் இங்கே இல்லை. தானா ஷா என்று வழங்கும் அந்த அபுல் ஹஸனை, நம் ஊர்ப் பஜனை மடங்களில் ராமதாசர் கீர்த்தனை பாடுகிறவர்கள் அனைவரும் அறிவார்கள். பத்ராசலத்தில் ராமனுக்குக் கோயில் எடுத்த கோபன்னாவைச் சிறையில் வைத்தவனும் அவனே. அந்தக் கோபன்னாவின் மாமன்மாரான அக்கன்னா, மாதன்னா என்னும் இருவரிடம் ராஜ்யத்தின் பொறுப்பையே ஒப்படைத்தவனும் அவனே. ஔரங்கசீப்பின் சேனை எட்டு மாத காலம் முற்றுகையிட்டு 1687இல் கோட்டையைப் பிடித்தபின், தானா ஷா தௌலதாபாத்துக்குச் சிறைக்கைதியாகக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே மாண்டு, குல்தாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டான். ராஜ்யம் போனவுடன் மானியக் கிராமங்களும் போயின, கம்பளமும் போயிற்று, சோறும் நின்றது. அதற்குப் பின்னர் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் இந்த மாளிகைகளின் மேல் ஆலும் அரசும் வேரோடின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹைதராபாத் திவான் ஸர் ஸாலார் ஜங் இவற்றைப் பழுதுபார்க்கச் செய்தார். 1914இல் நிஜாம் அரசு தனக்கென்று ஒரு தொல்பொருள் இலாகாவை ஏற்படுத்தி, குலாம் யஸ்தானி என்ற பேரறிஞரை அதன் தலைவராக்கியது. அஜந்தா அப்போது நிஜாமின் ஆட்சிக்குட்பட்டிருந்ததால் அதைக் காக்கும் பெரும்பொறுப்பும் அவரைச் சேர்ந்தது. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்ட பாலம்பேட்டை ராமப்பா கோயிலைப் பற்றி நூறாண்டுகளுக்கு முன்பே நூல் எழுதியவரும் அவர்தான்.

அஜந்தாவைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 1920ஆம் ஆண்டில், சுவரைவிட்டுப் பெயர்ந்துகொண்டிருந்த அந்தச் சித்திரங்களைக் காப்பாற்றுவதற்காக இத்தாலி தேசத்திலிருந்து செக்கோனி, ஓர்ஸினி என்ற இரு நிபுணர்கள் வரவழைக்கப்பட்டார்கள். பெயர்ந்த பூச்சை அவர்கள் மிகுந்த சிரத்தையோடு சுவரில் ஒட்டவைத்தார்கள். இன்று அங்கே எஞ்சியிருப்பவற்றில் பல அவர்களுடைய கைவண்ணத்தால் எஞ்சியவை. ஆனால் அவற்றின்மேல் அவர்கள் பூசிய அரக்கு மெருகோ, ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்து, கறுத்து, சித்திரத்தை மறைக்கும் திரையாகிவிட்டது. பின்வந்தவர்கள் அதை நீக்குவதற்குப் பட்ட பாடு கொஞ்சமன்று. நல்ல மனத்தோடு செய்யப்பட்ட பழுதுபார்ப்பும் ஒரு பழுதாக முடியக்கூடும்.

கோல்கொண்டாச் சமாதிகளுக்கு வந்த ஆபத்தின் பெயர் சிமெண்ட். இருபதாம் நூற்றாண்டில், உதிர்ந்த இடமெல்லாம் சிமெண்டைப் பூசினார்கள். பூசியவர்கள் எவரும் தீங்கு நினைத்தவர் அல்லர். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி, வெயிலில் அதை வெளியே விட்டு, ஒரு ஜீவனைப்போல் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பது. அதன்மேல் சிமெண்ட் ஏறியதும் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பழைய சுதைவேலை பொறுக்குப் பொறுக்காகக் கழன்றுவிடுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொல்லமாட்டேன். எங்கள் ஊர்க் கோயிலின் திருப்பணியில் மண்டபத் தூண்களை இயந்திரத்தால் மணல் வீசிச் சுத்தம் செய்து, தளத்துக்குச் சிமெண்ட் பூசி, பளபளவென்று கும்பாபிஷேகம் நடந்தது. பத்து ஆண்டுகளுக்குள் தளம் ஒழுகிற்று. தூணில் என் பாட்டி விரல் வைத்துக் காட்டிய கிளியின் மூக்கும் சிறகும் மணலோடு போய்விட்டன. ஜீர்ணோத்தாரணம் என்ற சொல்லை நம் ஆகமங்கள் எத்தனை பயபக்தியோடு கையாள்கின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு வேகிறது.

ஆகையால், 2013ஆம் ஆண்டு முதல் ஆகா கான் கலாசார அறக்கட்டளையும் மாநிலத் தொல்பொருள் இலாகாவும் சேர்ந்து இந்தத் தோட்டத்தில் தொடங்கிய வேலையின் பெரும்பகுதி, புதிதாக எதையும் சேர்ப்பதாக இல்லாமல், பூசிய சிமெண்டைச் செதுக்கி எடுப்பதாகவே இருந்ததென்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலுக்கு அளவில்லை. அந்த வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒருமுறை அங்கே போயிருந்தேன். தொட்டியில் நீற்றிய சுண்ணாம்பு, மேலே தெளிந்த நீர் நிற்க, வெண்ணெய்போல் கிடந்தது. அதை மணலோடு அரைத்து, வெல்லக்கரைசலும் வில்வப்பழக் கூழும் சேர்த்துச் சாந்தாக்குகிறார்கள். நம் பக்கத்துக் கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரையும் முட்டை வெண்கருவையும் சேர்ப்பதை நினைத்துக்கொண்டேன். சாரத்தின்மேல் குந்தியிருந்த ஒரு முதியவர், கரணையால் ஒரு விரற்கடைச் சாந்தை வளைவின் ஓரத்தில் வைத்து, மணியாசுக் கட்டையால் தேய்க்காமல், சிறு பலகையால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். ஏன் தட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். தேய்த்தால் மேல்முகம் மட்டும் இறுகும், தட்டினால்தான் உள்ளேயும் இறுகும் என்றார். ஒரு முழ நீளத்துக்கு அன்று முற்பகல் முழுவதும் தட்டினார். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீற்றி, சாந்தாக்கிப் பூசிவிட்டால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உள்வாங்கி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது என்பது ரசாயனம். அந்த மெதுவான மறுபிறவிக்கு ஏற்ற பொறுமை அந்தக் கைக்கு இருந்தது.

இந்தச் சமாதிகளின் வெளிமுகங்கள் ஒருகாலத்தில் மெருகிட்ட வண்ண ஓடுகளால் ஜொலித்தவை. இப்ராஹிமின் சமாதியின் தென்முகப்பில் இன்னும் அவற்றின் சுவடுகளைக் காணலாம். நீலமும் பச்சையும் மஞ்சளுமாக அந்த வேலை முழுமையாக எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர், பழைய நகரத்தில் முகம்மது குலி எடுப்பித்த பாதுஷாஹி ஆஷூர்கானாவுக்குச் சென்று சுவரெதிரே சிறிது நேரம் உட்காரவேண்டும்.

தோட்டத்துக்குள் படிக்கிணறுகளும் இருக்கின்றன. அவற்றுள் பெரியதற்குப் படீ பாவ்லி என்று பெயர். காஞ்சிபுரத்துக்கு அருகே ஐயங்கார்குளத்தில், சித்திரைப் பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் எழுந்தருளும் நடவாவியைக் கண்டவர்களுக்கு இது பழகிய இடம்போலவே தோன்றும். படிகளில் இறங்க இறங்க வெயில் மேலேயே நின்றுவிட, குளுமை வந்து முகத்தில் படும். 2013இல் பெய்த பெருமழையில் இந்தக் கிணற்றின் ஒரு பக்கச் சுவர் சரிந்து விழுந்துவிட்டது. விழுந்த கற்களை அகற்றி, சேற்றை வாரி, பழைய முறைப்படி சுவரை மறுபடி எழுப்பினார்கள். அடுத்தடுத்த மழைகளில் ஊற்றும் மழைநீரும் சேர்ந்து கிணறு நிரம்பிற்று. அந்த ஜலமே தோட்டத்துச் செடிகளுக்கும் சாந்து குழைப்பதற்கும் பயன்பட்டது. 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்று இந்தப் படிக்கிணறுகளுக்குக் கிடைத்தது. கிணற்றைத் திருத்தியதற்குப் பரிசு கொடுக்கும் அளவுக்கு உலகம் நீரை மறந்துவிட்டதோ என்றும் எனக்குத் தோன்றியதுண்டு. எனினும் அந்தப் பரிசைக் கேட்டு நான் மகிழ்ந்தேன்.

முழு வேலையும் நிறைவெய்தியதாக 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் விழா எடுத்தார்கள். அதன்பின் ஒரு மழைக்கால மாலையில் மறுபடியும் போனேன். மேற்கே கச்சிபௌலிப் பக்கத்துக் கண்ணாடி மாளிகைகளில் விளக்குகள் ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். முகம்மது குலியின் பேரரசை மூன்று ஆட்சிகளில் மகளாகவும் மனைவியாகவும் தாயாகவும் நின்று தாங்கிய ஹயாத் பக்ஷி பேகத்தின் சமாதியையும், அதனருகே உள்ள பெரிய மசூதியையும் சுற்றிக்கொண்டு, நேக்நாம் கானின் மேடைக்கு வந்தேன். நான் முன்பு கண்ட வெள்ளைச் சாந்தெல்லாம் மழை பட்டு மங்கிச் சாம்பல் நிறமேறி, பழைய சுவரோடு ஒன்றாகிவிட்டிருந்தது. எது 1580, எது நேற்று என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கருங்கற் பலகை மட்டும் ஈரத்தில் கன்னங்கரேலென்று மின்னிற்று.

அண்டையிலிருந்த சமாதியின் கபோதத்தில் ஏணி சாத்தி ஓர் இளைஞன் ஏறியிருந்தான். இடுக்கில் நாலு இலை விட்டிருந்த அரசங்கன்றைக் கத்தியின் முனையால் வேரோடு கிளப்பி எடுத்து, வேர் அறுந்துவிட்டதா என்று ஒருமுறை உற்றுப் பார்த்து, அறாத வேரைக் கண்டு திருப்தியோடு கீழே வாளிக்குள் போட்டான். வாளியில் அதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு கன்றுகள் கிடந்தன. பிறகு அந்த இடுக்கில் கொஞ்சம் சாந்தை வைத்துத் தட்டத் தொடங்கினான்.