கையொப்பம் வைக்காத தாய்

1998ஆம் ஆண்டு மாரி காலம். வவுனியாவில் உள்ள நலன்புரி நிலையம் ஒன்றில் இருந்த குடும்பங்களுக்கு வீட்டுத்தோட்ட விதைகள் கொடுக்க நாம் போயிருந்தோம். கத்தரி, மிளகாய், பயற்றை விதைகளை வாங்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒரு தாய் மட்டும் வரவில்லை. அவருடைய தறப்பாள் கொட்டிலுக்கு நாமே போனோம். ஏழு வயது மகனை மடியில் இருத்திக்கொண்டு மூலையில் இருந்தார்.

"கேற்றடியில வான் நிக்குதோ?" இதுதான் அவர் எம்மிடம் கேட்ட முதற் கேள்வி.

வான் இல்லை என்று சொன்ன பிறகுதான் பிள்ளையை மடியிலிருந்து இறக்கினார்.

வலிகாமத்தில் பன்னிரண்டு பரப்புச் செம்பாட்டுக் காணியில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம் அது. 1993இல் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த கணவர் ஷெல் விழுந்து இறந்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, இலட்சக்கணக்கான மக்களோடு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இவரும் தென்மராட்சிக்கு நடந்தார். அடுத்த ஆண்டு கடல்நீரேரியைக் கடந்து வன்னி, பின்னர் வவுனியா. எங்கெல்லாம் போனாரோ அங்கெல்லாம் பிள்ளைகளைக் கையில் பிடித்தபடியே போனார். இப்போது அந்தக் கையைத் தளர்த்தச் சொல்லி வந்தவர்கள் அந்நியர்கள் அல்லர்.

கணவரின் மூத்த சகோதரி கொழும்பில் இருந்தார். இரண்டு கடைகள், சொந்த வீடு, வாகனம் எல்லாம் இருந்தன. பிள்ளை மட்டும் இல்லை. முதற்தடவை வந்தபோது பிஸ்கற்றும் சப்பாத்தும் கொண்டு வந்தார். இரண்டாந்தடவை கொழும்பில் ஒரு பெரிய பாடசாலையின் படத்தைக் காட்டினார். மூன்றாந்தடவை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கடதாசியை நீட்டினார்.

"பாஸ் எடுக்கத்தான். சும்மா ஒரு கையெழுத்து வையும். இஞ்ச கிடந்து பெடியன் என்ன படிக்கப் போறான்?"

தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. "பிள்ளைக்குக் காய்ச்சல், பிறகு பாப்பம்" என்று சொல்லிக் கடதாசியை வாங்கி, பங்கீட்டு அட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. பாடசாலை விடும்வரை வேலியோரம் நிற்பார். "அவையள் பணக்காரர், சட்டம் தெரிஞ்ச ஆக்கள். நான் நிவாரண அரிசியில சமைக்கிறவள். கோடு கச்சேரி எண்டு போனால் ஆரின்ர பக்கம் கதைப்பினம்?" என்று எம்மிடம் கேட்டார்.

கடதாசியை வாசித்துப் பார்த்தோம். பாஸைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பிள்ளையை முற்றாக ஒப்படைப்பதாகவும், இனி உரிமை கோருவதில்லை எனவும் எழுதப்பட்ட சத்தியக் கடதாசி அது.

பிள்ளையை உறவினரிடம் வளர்க்கக் கொடுப்பது எம்மவரிடையே புதிய வழக்கம் அல்ல. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையிலும் அது உண்டு. வளர்ப்பவர் உறவினரின் சம்மதத்துடன், அவர்கள் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடித்துப் பிள்ளையை ஏற்பார். ஆனால் அதே தேசவழமை இன்னொன்றையும் சொல்கிறது. தகப்பன் இறந்தால் சிறுபிள்ளைகளைத் தாயே வளர்க்க வேண்டும். அதற்காகச் சொத்தும் அவளிடமே இருக்க வேண்டும். சொத்துப் பற்றிய விதிகள் பின்னர் மாறிவிட்டன. எனினும் கைம்பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது முன்னோர் வகுத்த முறை அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

இன்றைய சட்டமும் தாயைக் கைவிடவில்லை. தகப்பன் இறந்தபின் தாயே பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர். மகவேற்பு, அதாவது தத்தெடுத்தல், 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளையால் மட்டுமே நிறைவேறும். பிள்ளையைக் கைவிட்டவர் போன்ற சில சந்தர்ப்பங்களைத் தவிர, பெற்றவரின் சம்மதம் அவசியம். அந்தச் சம்மதத்தால் பெற்றோர் என்ற உரிமை நிரந்தரமாகப் போய்விடும் என்பதைப் பெற்றவர் விளங்கிக்கொண்டாரா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையானால் அதன் சம்மதமும் வேண்டும். 1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையும், பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்கிறது. பிள்ளையின் நன்மைக்கு அது அவசியம் என்று உரிய அதிகாரிகள் சட்டப்படி தீர்மானித்தால் மட்டுமே அது முடியும்.

இவற்றைச் சொன்னபோது தாய் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சட்டம் சரி. ஆனால் நாளைக்கு அவன் வளர்ந்து, 'என்னை ஏன் அண்டைக்கு விடேல்லை அம்மா' எண்டு கேட்டால்?"

இதற்கு எம்மிடம் சட்டப்பதில் இருக்கவில்லை.

அப்போது அடுப்படியில் விறகு தள்ளிக்கொண்டிருந்த பதினொரு வயது மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். அது கோபமா கவலையா என்று எமக்கு விளங்கவில்லை. தாய் மகளைப் பார்த்தார். மகன் போய்விடுவான் என்ற பயத்தில், தானும் பல நாட்களாக அவளைக் கவனிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மச்சாள் வந்தார். தாயின் வேண்டுகோளின்படி, அதே நிலையத்தில் இருந்த கணவரின் சித்தப்பாவும் நாமும் கூட இருந்தோம். தாய் கடதாசியை எடுத்து மச்சாளின் கையிலேயே கொடுத்தார். "மச்சாள், லீவுக்கு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. படிப்புக்கு உதவி செய்யுங்கோ. ஆனால் இதில நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார்.

மச்சாள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தோம். அவரோ அழத் தொடங்கினார். "அவன்ர முகத்தில என்ர தம்பியைப் பாக்கிறன். அவனை எரிக்கிற நேரமும் நான் இல்லை" என்றார். பாதை மூடியிருந்ததால் தம்பியின் செத்தவீட்டுக்கு வரமுடியாமற்போன துயரம் அவருக்குள் ஐந்து வருடமாகக் கிடந்தது. செல்வமும் பிள்ளையில்லாக் குறையும் மட்டும் அவரை வவுனியாவுக்குக் கொண்டுவரவில்லை.

சித்தப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பிக்கு இரண்டு பிள்ளையள், பிள்ளை. ஒண்டில்லை." அந்த மாதத்திலிருந்து இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் கொழும்பிலிருந்து பணம் வந்தது.

வாசகர்களே, எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. வறுமையால் பிள்ளையை அனுப்பிவிட்டு, பிறகு முகம் பார்க்கவே வழியில்லாமற்போன தாய்மாரையும் நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் சில காரியங்களை மனதில் வைத்திருங்கள்.

விளங்காத மொழியில் உள்ள கடதாசியிலும் வெற்றுத் தாளிலும் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரைக்கொண்டு முழுவதையும் வாசிப்பியுங்கள்.

படிப்புக்காக உறவினர் வீட்டில் நிற்க விடுவது வேறு. மகவேற்புக்குக் கொடுப்பது வேறு. எது கேட்கப்படுகிறது என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். அனுப்புவதானால் எவ்வளவு காலம், எப்போது வீட்டுக்கு வருவது என்பவற்றைப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிவெடுங்கள்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பிறப்புப் பதியப்பட்ட இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிரதி பெறலாம். உங்கள் கிராம அலுவலரிடம் வழி கேளுங்கள்.

வழக்கு என்று வந்தால் பணமில்லை என்று ஒதுங்காதீர்கள். வசதி குறைந்தவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளையும் கேளுங்கள். கேட்கப்படாத பிள்ளையைக் கட்டாயம் கேளுங்கள்.

2002இல் ஏ9 வீதி திறந்தபின் அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்பியது. மகள் படித்து ஆசிரியையானாள். மகன் அதே பன்னிரண்டு பரப்பில் வெங்காயம் செய்கிறான். சில வருடங்களுக்கு முன் கொழும்பு மாமி காலமானபோது, தாய்தான் அவனை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். மாமிக்குக் கொள்ளி வைத்தது அவன்தான்.