பல் சீட்டும் தாய் அட்டையும்



மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. "இந்த நேரத்துல பல் டாக்டர்கிட்ட போகக் கூடாது" என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். மீறிப் போனால், அங்கே தாய்-சேய் நல அட்டையைக் கேட்கக்கூடும். "பல்லுக்கும் பிள்ளைக்கும் என்னங்க சம்பந்தம்? அட்டை எதுக்கு?" என்று கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஈறு ஏன் வீங்குகிறது?

கர்ப்ப காலத்தில் உடலில் சுரக்கும் சில நீர்கள் அதிகமாவதால் ஈறு எளிதில் வீங்கி ரத்தம் கசியும். தினம் இரண்டு வேளை பல் துலக்குங்கள். ரத்தம் கசிந்தால் வைத்தியம் செய்துகொள்ளுங்கள். பயம் வேண்டாம். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம்.

இரண்டு கணக்கும் சேர்ந்தால் என்ன தெரியும்?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் எடை போடும் நோட்டு ஒன்று, கூலி நோட்டு ஒன்று என்று வையுங்கள். ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் குழப்பம்தான். ஆளுக்கு ஒரு நம்பர் இருந்தால் இரண்டு நோட்டும் சரியாகப் பொருந்தும். அதேபோல, உங்கள் அட்டையில் உள்ள 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணைக் கொண்டு, பல் சீட்டையும் பிரசவக் கணக்கையும் பொருத்திப் பார்க்க முடியும்.

1996-ல் அமெரிக்காவில், ஈறு நோய் உள்ள தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் என்று கண்டார்கள். அப்படியானால் ஈறைக் குணப்படுத்தினால் போதுமா? அங்கேயே 823 கர்ப்பிணிகளிடம் சோதித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வைத்தியத்தால் ஈறு நலமடைந்தது. தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் இல்லை. ஆனால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை!

ஆகவே பல் சீட்டை மட்டும் பார்த்தால் போதாது. புகையிலை, சர்க்கரை நோய், சத்துக்குறைவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவதை மறைத்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

"நம்ம விஷயம் ஊருக்குத் தெரிஞ்சுடுமா?"

இந்தக் கவலையும் சரியே. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் முன் பெயரையும் விலாசத்தையும் நீக்க வேண்டும். ஆனால் நம் சேர்வராயன் மலையில் சில ஊர்களில் வீடுகளே கொஞ்சம்தான். வயதும் ஊரும் சொன்னாலே, "ஓ, அந்தப் பொண்ணா!" என்று ஆள் தெரிந்துவிடும். ஆகவே ஊர்ப் பெயரையும் நீக்குவார்களா என்று கேளுங்கள்.

உங்கள் உரிமை

1. ஆராய்ச்சிக்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். மறுத்தாலும் வைத்தியம் நிற்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை இது.

2. சம்மதித்த பிறகும் விலகிக்கொள்ளலாம்.

3. 14 இலக்க ஆபா எண் எடுப்பதும் கட்டாயமில்லை.

4. புரியாத தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். பெயர் நீக்கிய பழைய பதிவுகளை, நெறிமுறைக் குழு அனுமதித்தால், ஒவ்வொருவரையும் கேட்காமலே ஆராயவும் இடமுண்டு.

கணவர்மார்களே! சம்மதம் தர வேண்டியவர் உங்கள் மனைவி. கூட இருந்து கேளுங்கள். முடிவை அவரிடமே விடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் இருவருமாகப் போய்க் கேளுங்கள்.

ஈறைக் காப்போம்! கேட்டுத் தெளிந்து சம்மதம் தருவோம்!