மூக்கில் இரத்தக்கசிவு: கசியும் இடமும் மருத்துவ முறையும்

பேச்சு வழக்கில் ‘சில்லுமூக்கு உடைதல்’ எனப்படும் மூக்கின் இரத்தக்கசிவு, பெரும்பாலும் காண்போர் அஞ்சும் அளவிற்கு ஆபத்தானதன்று. எனினும், வெளியே வழியும் குருதியின் அளவைக் கொண்டு மட்டும் அதன் கடுமையை மதிப்பிடுவது பிழையாகும். மூக்கு நுனியில் ஒரு துளியும் தோன்றாமல் தொண்டைக்குள் இறங்கும் குருதியே உயிருக்கு ஊறு விளைவிக்க வல்லது. எனவே, கசிவு எவ்விடத்தில் நிகழ்கிறது என்பதே மருத்துவர் விடை காணவேண்டிய முதன்மையான வினாவாகும்.

அகக் கழுத்துத் தமனி, புறக் கழுத்துத் தமனி ஆகிய இரண்டின் கிளைகளும் மூக்கின் இடைச்சுவரின் முன்கீழ்ப் பகுதியில் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. 1879இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜேம்ஸ் லாரன்ஸ் லிட்டிலும், 1884இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் கீசல்பாக்கும் இப்பகுதியைச் சுட்டிக்காட்டினர். கசிவுகளில் சுமார் 90 விழுக்காடு இங்கேயே தோன்றுகிறது. இங்குள்ள சளிச்சவ்வு மெல்லியது. உள்ளிழுக்கும் வறண்ட காற்று மோதும் இடமும், குழந்தைகளின் விரல் எட்டும் இடமும் இதுவே. மாறாக, பின்பகுதியில் ஸ்பீனோபாலட்டைன் தமனியின் கிளைகளிலிருந்து எழும் கசிவு முதியோரிடம் மிகுதி.

வார்ஃபரின் போன்ற குருதி உறைவெதிர் மருந்துகள், டெங்குவில் தட்டணுக்கள் குறைதல், பரம்பரைக் குருதிநாளக் குறைபாடு ஆகியனவும் காரணங்களாகும். உயர் இரத்த அழுத்தம் கசிவை நிறுத்துவதைக் கடினமாக்கலாம். ஆனால் அதுவே நேரடிக் காரணம் என்பது ஐயத்திற்குரியது. வளரிளம் ஆண்களிடம் ஒரே பக்கத்தில் மீண்டும் மீண்டும் கசியுமாயின் ஆஞ்சியோஃபைப்ரோமா என்னும் கட்டி உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். அக்கட்டியிலிருந்து திசு எடுப்பதே பெருங்குருதிப் போக்கை உண்டாக்கக்கூடும்.

தலையைப் பின்னுக்குச் சாய்க்கும் பழக்கம் இன்றும் பரவலாக உள்ளது. இது குருதியைத் தொண்டைக்குள் செலுத்துவதால் வாந்தியும் மூச்சடைப்பும் நேரலாம். முன்னோக்கிக் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை 10 முதல் 15 நிமிடங்கள் இடைவிடாது அழுத்திப் பிடித்தலே முறை. எலும்புள்ள மேற்பகுதியை அழுத்துவதால் பயனில்லை.

இதனால் நிற்காதபோது ஆக்சிமெட்டாசோலின் இட்டு நாளங்களைச் சுருக்கி, கசியும் புள்ளியைச் சில்வர் நைட்ரேட்டால் சுடுவர். இடைச்சுவரின் இருபுறமும் ஒரே நேரத்தில் சுடுதல் கூடாது. மேலுறையிலிருந்தே ஊட்டம் பெறும் குருத்தெலும்பு அதனை இழந்து துளைபட நேரும். அடுத்த நிலை மூக்கினுள் பஞ்சுத்திரி அல்லது பலூன் அடைத்தலாகும். டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த பஞ்சு இவ்வடைப்பின் தேவையைக் குறைக்கவில்லை என்று 2021இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. பின்பக்க அடைப்பு மூச்சைப் பாதிக்கக்கூடுமாதலால் நோயாளியை மருத்துவமனையில் சேர்த்தே அதனைச் செய்வர்.

அடைத்தும் நிற்காத கசிவிற்கு ஸ்பீனோபாலட்டைன் தமனியை உள்நோக்கி வழியாகக் கட்டலாம். குழாய் செலுத்தி அடைக்கவும் செய்யலாம். ஆனால் கசிவு எத்மாய்டு தமனியிலிருந்து எழுமாயின் அக்குழாய்முறை பொருந்தாது. அத்தமனி கண்ணுக்குரிய தமனியின் கிளையாதலால், அதனை அடைக்க முயல்வது பார்வையையே பறிக்கக்கூடும். அறுவை வழியாக நேரே கட்டுவதே அங்குப் பின்பற்றப்படும் முறையாகும்.