பழைய மிலிட்டரி ஜீப்: அடையாளம் காண்பதும் வாங்குவதும்

மிலிட்டரி ஜீப் என்று விற்கப்படும் வண்டிகள் எல்லாமே பட்டாளத்தில் ஓடியவை அல்ல. இந்தியச் சந்தையில் அந்தப் பெயருக்குள் நான்கு வகைகள் அடங்குகின்றன: இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் அல்லது ஃபோர்டு ஜீப்புகள், மஹிந்திரா உரிமம் பெற்று இங்கே செய்தவை, ஜபல்பூர் தொழிற்சாலையின் ஜோங்கா, மாருதி ஜிப்சி. விலையிலும் உதிரிப் பாகத்திலும் பதிவுச் சட்டத்திலும் இவை ஒன்றுக்கொன்று தூரம். எந்த வகை என்று தெரியாமல் விலை பேசுவதில் அர்த்தமில்லை.

மூலவண்டி 1940இல் பிறந்தது. கால் டன் சுமை ஏற்றி, நான்கு சக்கரமும் இழுத்து, மேடுபள்ளம் பாராமல் ஓடும் சிறு வண்டி ஒன்றை அமெரிக்க ராணுவம் கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனிக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் வரைபடம் போட்டார். முதல் வண்டி செப்டம்பர் 23 அன்று ஹோலபர்ட் முகாமில் ஒப்படைக்கப்பட்டது. கேட்ட எண்ணிக்கையை அந்தக் கம்பெனியால் செய்துதர முடியாது என்று கருதிய ராணுவம், வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரிய கம்பெனிகளையும் உள்ளே கொண்டுவந்தது. 2,199 சிசி, 60 குதிரைத்திறன் இன்ஜின்தான் வில்லிஸை ஜெயிக்க வைத்தது. வில்லிஸின் வடிவத்தையே ஃபோர்டும் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்துவிட்டன.

போர்க்கால மாடல்களான வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. முன்பக்கம் குனிந்து ரேடியேட்டருக்குக் கீழே சேஸின் குறுக்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' வடிவில் மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. சேஸ் எண்ணை வில்லிஸ், இடது சட்டத்தின் உட்புறம் முன் பம்பருக்குப் பின்னால் தனித் தகட்டில் ரிவெட் அடித்து வைத்தது. ஃபோர்டு, இடது சட்டத்தின் மேல்பரப்பிலேயே குத்தியது. ஃபோர்டு தன் போல்ட்டுகளில்கூட 'எஃப்' எழுத்தைப் பொறித்தது. ஒன்பது கீறல் கொண்ட தகடு கிரில் முதலில் ஃபோர்டுடையது, பிறகு வில்லிஸும் எடுத்துக்கொண்டது. ஏழு கீறல் கிரில் போருக்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்புக்கு உரியது. ஏழு கீறலோடு நிற்கும் வண்டியை 1942 மாடல் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொரு அடையாளம் ஹெட்லைட். போர்க்கால ஜீப்பில் ஒரு திருகைத் தளர்த்தினால் ஹெட்லைட் கீலில் சுழன்று பின்பக்கம் திரும்பும். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்க ராணுவம் யோசித்த வழி. பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். ஸ்டியரிங் இடப்பக்கம்.

மஹிந்திரா சிஜே3பி-யை அதன் உயர்ந்த பானெட் காட்டிக்கொடுக்கும். புது ஹரிக்கேன் இன்ஜினில் இன்லெட் வால்வு மேலே ஏறியதால் இன்ஜினின் உயரம் கூடியது. அதற்காகப் பானெட்டைத் தூக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இந்த மாடல் 1953இல் வந்து 1968இல் நின்றது. இந்தியாவிலோ மஹிந்திரா அந்த அச்சையே அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வைத்துக்கொண்டு, உள்ளே டீசல் இன்ஜின்களை மாற்றி மாற்றிப் பொருத்தியது. ஜோங்கா வேறு குடும்பம்: நிஸ்ஸான் பட்ரோலின் ராணுவ வடிவம், ஆறு சிலிண்டர், 3,956 சிசி பெட்ரோல் இன்ஜின், 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் உற்பத்தி. பெட்ரோலைக் குடிக்கும் என்பதால் வெளியே வந்த ஜோங்காக்கள் பலவற்றில் டீசல் இன்ஜின் ஏறிவிட்டது. 1985இல் வந்த ஜிப்சி இவற்றில் இளையது. எடை குறைவு, பாகம் எளிதில் கிடைக்கும். முதன்முதலாக இந்த வண்டிகளில் கை வைப்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

எல்லாவற்றுக்கும் பொதுவான இதயம், கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். வில்லிஸில் ஒரு லீவர் முன் ஆக்ஸிலுக்கும் இழுவையைக் கொடுக்கும். இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். இந்தக் குறைப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. செஞ்சி, மண்டகப்பட்டுப் பக்கத்துப் பாறைச் சரிவிலும் மழைக்காலத்து ஏரிக்கரைச் சேற்றிலும் கிளட்சைத் தேய்க்காமல் நடை வேகத்தில் ஏற அந்த லோ கியர்தான் உதவும். காய்ந்த தார் ரோட்டில் முன் இழுவையைப் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. இறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் கியர் பல்லிலும் விழும். வாங்கும்போது லீவரை இழுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. புழுதி மண்ணில் ஓட்டி, முன் சக்கரம் மண்ணைத் தள்ளுகிறதா என்று இன்னொருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். முன் ஷாஃப்டையே கழற்றி எடுத்துவிட்டு லீவரை மட்டும் விட்டுவைத்த வண்டிகள் உண்டு.

பெயின்ட் எதையும் மறைக்கும். சிறு காந்தம் ஒன்று போதும், பட்டி பார்த்த இடத்தில் ஒட்டாது. போர்க்கால ஜீப்பின் தளத்துக்கு அடியில் ஓடும் தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே தளம் பளபளக்கும், கீழே ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கும். அடுத்தது பட்டை ஸ்பிரிங் சேஸில் மாட்டும் இடங்களில் வெல்டிங் தழும்பு. பிறகு ஸ்டியரிங் ஆட்டம். ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டால் இரண்டாம் கியர் தானாகக் கழன்று விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்தப் பழைய கியர் பாக்ஸுகளின் குணம் அது. பாடி தேறாவிட்டாலும் வழி உண்டு. பிலிப்பைன்ஸின் எம்.டி. ஜுவான் கம்பெனி வில்லிஸ் பாடியைப் புதிதாகவே செய்கிறது. இன்ஜினுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்: ஹரிக்கேனின் கீழ்ப் பாதி பெரும்பாலும் பழைய வில்லிஸ் இன்ஜினுடையதே என்பதால் மஹிந்திராவின் பாகங்கள் பல பொருந்தும். சென்னைப் புதுப்பேட்டையில் தேடுவது வீண்போகாது.

ஹரியானாவின் மண்டி டப்வாலி, பல வண்டிகளின் பாகங்களைக் கூட்டிப் புதிய ஜீப் கட்டித்தருவதற்குப் பேர்போன ஊர். பார்க்க வில்லிஸ் போலவே இருக்கும். ஓட்டவும் நன்றாக இருக்கலாம். ஆனால் சேகரிப்புப் பொருளாக அதற்கு மதிப்பில்லை, ஆர்.சி. புக்கில் உள்ள வண்டியும் எதிரே நிற்கும் வண்டியும் வேறாக இருந்தால் சிக்கல் வாங்கியவருக்கு. கம்பெனி செய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டியைச் சிவிலியனாகப் பதிவு செய்ய, படிவம் 21இல் உரிய அதிகாரி தரும் அசல் விற்பனைச் சான்றிதழ் வேண்டும். கைமாறி வந்த வண்டியிலும் இதன் தொடர்ச்சியைக் கேட்டு வாங்குவது நல்லது. ஐம்பது வயது கடந்த வண்டிக்கு 2021 விதிகள் தனிப் பதிவைத் தருகின்றன. தமிழ்நாட்டில் எண் 'டிஎன் விஏ' என்று தொடங்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. சேஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றம் காணாதிருக்க வேண்டும். டீசல் ஏற்றிய ஜோங்காவுக்கு அந்த வாசல் அடைப்புதான். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே தனிப் பதிவு பெற்ற வண்டியைச் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்டம் கூடாது. இடப்பக்க ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஒழுங்காக வேலை செய்யும் சைகைக் கருவி இருக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு.

கடைசியாக நிறம். இராணுவத்தின் ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர எதற்கும் அடிக்கக் கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 121. வாங்கியதும் முதல் வேலையாக அந்த நிறத்தை அடிக்கிறவர்கள் அதிகம். மணல் நிறமோ சாம்பலோ அடிப்பதில் தடையில்லை.