ஒரு பருவம் போதுமா?

ஒரே ஒரு வருஷம் அபாரமாக ஆடிய ஒருவரை அதியுயர் வீரர் வரிசையிலே சேர்க்கலாமா என்பது விளையாட்டுலகின் தீராத வழக்குகளுள் ஒன்று. ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் பெப்ரவரியில் உதைபந்தாட்டப் பருவம் முடிந்ததும் இவ்வழக்கு மீண்டும் எடுக்கப்படுகிறது. சாப்பாட்டு மேசையில் தகப்பனும் மகனும், விடுதி அறைகளிலே மாணவர்களும் இதனை வாதிப்பர். வெறும் பொழுதுபோக்கு வாதம் என்று நாம் இதனைத் தள்ளிவிடல் ஆகாது. அவ்வாட்டத்தை நடத்தும் கழகத்தாரும் இதே கேள்வியைத்தான் தம்முள் கேட்டுக்கொள்கின்றனர். அவர்கள் கூறும் விடையை ஒட்டிப் பல இலட்சம் டொலர் கைமாறுகின்றது. இருபத்திரண்டு, இருபத்தைந்து வயது இளைஞர் சிலரின் வாழ்வும் அதனோடு ஏறி இறங்குகின்றது.

உதைபந்தாட்டம் என்றதும் எமது வாசகர்களின் மனக்கண்ணில் தோன்றுவது காலால் உதைத்து ஆடும் ஆட்டமே. அமெரிக்கர் அப்பெயரிட்டு அழைக்கும் ஆட்டத்திலோ காலுக்கு வேலை சொற்பம். றக்பி ஆட்டத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று அதனைக் கூறலாம். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார் நீளமுடையது. பந்தை வைத்திருக்கும் பக்கத்தார் நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரியிடம் போய்விடும். பின்னால் நின்று பந்தை எறிபவருக்குக் குவாட்டர்பாக் என்று பெயர். முன்னே ஓடிச்சென்று அதனைக் கையில் ஏற்பவர் றிசீவர். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துவிட்டால் அது ‘டச்டவுண்’. அதற்கு 6 புள்ளிகள்.

ஓடுகிறார், பந்து வருகிறது, பிடிக்கிறார் என்று றிசீவரின் வேலை பார்ப்போர் கண்ணுக்கு எளிதாகவே தோன்றும். உண்மை வேறு. அவர் ஓடவேண்டிய பாதை முன்னரே வகுக்கப்பட்டது. இத்தனை யார் நேரே ஓடி, இன்ன இடத்தில் உள்ளே முறியவேண்டும் என்பது ஏட்டில் எழுதிப் பாடமாக்கப்பட்ட விஷயம். பல சமயங்களில் அவர் திரும்பிப் பார்க்கும் முன்னரே பந்து எறிபவரின் கையைவிட்டுப் புறப்பட்டிருக்கும். நிழல்போல ஒட்டி ஓடும் காவல்காரரை ஏமாற்றி, பந்து வந்திறங்கும் அந்தக் கணத்தில் அந்த இடத்திலே அவர் இருந்தாக வேண்டும். ஆகவே பிடித்தல் என்னும் செயலில் இருவர் பங்காளிகள். இதனை நாம் மறந்துவிட்டால் வழக்கு முழுவதும் கோணலாகிவிடும்.

றிசீவரின் கணக்கு மூன்று பத்திகளில் எழுதப்படும். எத்தனை பந்து பிடித்தார், எத்தனை யார் முன்னேற்றினார், எத்தனை டச்டவுண் சேர்த்தார் என்பனவே அவை. ஒரு பருவத்துக்கு 1978 முதல் பொதுவாக 16 ஆட்டங்களும், 2021 முதல் 17 ஆட்டங்களும் நடைபெற்று வருகின்றன. அதில் 1,000 யார் சேர்த்தவரை நல்ல ஆட்டக்காரர் என்பர். அதற்கு மேல் எவ்வளவு சேர்த்தால் அதியுயர் வீரர், எத்தனை முறை சேர்க்கவேண்டும் என்ற இடத்திலேதான் சண்டை தொடங்குகிறது.

‘ஒரு பருவம் போதாது’ என்போர் முதலிற் கூறும் பெயர்களுள் ஒன்று பியர்லெஸ் பிறைஸ். (பியர்லெஸ் என்றால் இணையற்றவர் என்று பொருள், பெயரிட்டோர் வெகு ஆசையோடுதான் இட்டிருக்கிறார்கள்.) பஃபலோ அணியில் மூன்று பருவம் ஆடியும் ஒருமுறையேனும் 1,000 யாரை எட்டாத அவர், 2002ஆம் ஆண்டிலே திடீரென 94 பந்துகளைப் பிடித்து 1,252 யாரும் 9 டச்டவுண்களும் சேர்த்தார். அட்லாண்டா அணியார் மயங்கினர். புதிய வீரரைத் தெரிவுசெய்வதில் தமக்கிருந்த முதற்சுற்று உரிமையைப் பஃபலோவுக்குக் கொடுத்து அவரை வாங்கி, 7 வருஷ ஒப்பந்தமும் எழுதிக்கொண்டனர்.

அந்த 1,252 யார் எப்படி வந்தது என்று அவர்கள் சற்று நிதானித்துப் பார்த்திருக்கலாம். பஃபலோவில் மறு பக்கத்திலே ஓடியவர் எரிக் மோல்ட்ஸ். அதே பருவத்தில் அவர் சேர்த்தது 1,292 யார், 10 டச்டவுண். எதிரணியின் முதற் கவலை மோல்ட்ஸாகவே இருந்தது. எதிரி இருவரை வைத்து அவரைக் காத்தபோதெல்லாம் பிறைஸின் பக்கத்திலே காவல் ஒன்றாகக் குறைந்தது. பந்தை எறிந்தவரோ அவ்வருஷந்தான் நியூ இங்கிலாந்திலிருந்து வந்துசேர்ந்த துரூ பிளெட்சோ என்னும் அனுபவசாலி. அட்லாண்டாவிலே மோல்ட்ஸும் இல்லை, பிளெட்சோவும் இல்லை. அங்கு எறியவேண்டிய மைக்கல் விக், 2003 ஓகஸ்டில் பருவம் தொடங்குமுன் நடந்த ஓர் ஆட்டத்திலேயே காலெலும்பு முறிந்து விழுந்தார். பிறைஸ் அவ்வருஷம் 838 யாரும், மறுவருஷம் 575 யாரும் சேர்த்தார். 2005இல் அணியார் அவரை விடுவித்தனர். ஏழு வருஷத்துக்கு எழுதிய ஒப்பந்தம் இரண்டு பருவத்தோடு முடிந்தது.

பிறைஸ் யாரையும் ஏமாற்றினார் என்று நாம் சொல்லமாட்டோம். அவர் ஓடிய ஒவ்வொரு யாரும் அவர் கால் ஓடியதே. தவறு வாங்கியவர்களின் கணக்கில் இருந்தது. மூவர் சேர்ந்து ஈட்டியதை ஒருவர் பெயரில் எழுதிவிட்டனர்.

தம்பா பே அணியின் மைக்கல் கிளேற்றன் இன்னொருவர். 2004இல் புதுமுகமாக வந்து 80 பந்து பிடித்து 1,193 யார் சேர்த்தார். அடுத்த வருஷம் 372 யார், டச்டவுண் ஒன்றேனும் இல்லை. அதன்பின் எந்தப் பருவத்திலும் அவர் 500 யாரை எட்டவில்லை.

எறிபவரின் கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று காட்டுவோம். இவ்வாட்டத்தின் தேசியக் கழக வரலாற்றிலே ஒரு பருவத்திற் சேர்க்கப்பட்ட மிகப் பெரிய தொகை 1,964 யார். 2012இல் டிட்ரோயிட் அணியின் கல்வின் ஜோன்சன் அதனைச் சாதித்தார். அடுத்த தொகை 1,947 யார்; 2021இல் லொஸ் ஏஞ்சல்ஸ் அணியின் கூப்பர் கப் சேர்த்தது. இரு நகரங்கள், இருவேறு றிசீவர்கள், இடையே ஒன்பது வருஷம். ஆனால் இருவருக்கும் பந்தை எறிந்த கை ஒன்றே! மத்தியூ ஸ்ராபோர்ட் என்பவர் 2012இல் டிட்ரோயிட்டிலும் 2021இல் லொஸ் ஏஞ்சல்ஸிலும் ஆடினார். டிட்ரோயிட்டில் அவ்வருஷம் அவர் 727 முறை பந்தெறிந்தார். ஒரு பருவத்தில் அத்தனை முறை எறிந்தவர் அதற்கு முன் எவருமிலர். அத்தனை பந்து பறந்தால் ஒருவருக்கு நிறையக் கிடைப்பதில் வியப்பில்லை. ஆட்டங்களின் தொகையையும் பார்க்கவேண்டும். கப் ஆடியவை 17, ஜோன்சன் ஆடியவை 16. வகுத்துப் பார்த்தால் ஜோன்சனுக்கு ஆட்டத்துக்குச் சுமார் 123 யாரும், கப்புக்குச் சுமார் 115 யாரும் வருகின்றன. பள்ளி மாணவர் தாமே இவ்வகுத்தலைச் செய்து பார்க்கலாம்.

இம்மட்டில் வழக்கு முடிந்தது, எல்லாம் எறிபவரின் புகழே என்று தீர்ப்பெழுத எண்ணினால், ஜோஷ் கோர்டன் குறுக்கே வந்து நிற்கிறார். கிளீவ்லாந்து அணியில் 2013இல் ஆடியபோது அவருக்கு வயது 22. பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அவர் தடைசெய்யப்பட்டிருந்தார். எஞ்சிய 14 ஆட்டங்களிலே 1,646 யார் சேர்த்துக் கழகம் முழுவதிலும் முதல்வரானார். அடுத்தடுத்த இரு ஆட்டங்களில் 237, 261 என்று 200 யாரைத் தாண்டினார்; அதற்குமுன் அப்படிச் செய்தவர் எவருமிலர். அவருக்கு எறிந்தவர் யார்? ஒருவரல்லர், அவ்வருஷம் அணி மாற்றி மாற்றி நிறுத்திய மூவர். அம்மூவரில் எவரும் பெரும் பெயர் படைத்தவரல்லர். அணியோ 12 ஆட்டங்களில் தோற்று 4இல் மட்டும் வென்றது. பங்காளிகளால் வந்த பெருமை என்று இதனைக் கழித்துவிட முடியாது.

ஆயினும் கோர்டனுக்கு இரண்டாம் பருவம் அமையவில்லை. தடைசெய்யப்பட்ட பொருள்களை உட்கொண்டமைக்காகக் கழகத்தார் அவரை மீண்டும் மீண்டும் விலக்கினர். 2015, 2016 ஆகிய இரு பருவங்களிலும் அவர் ஓர் ஆட்டமேனும் ஆடவில்லை. 1,000 யாரை அவர் பின்னர் ஒருபோதும் எட்டவுமில்லை. அவரை எவ்விடத்தில் வைப்பது? ஆற்றலைக் கேட்டால், முதல் வரிசை என்று தயங்காமற் சொல்வோம். வரிசையில் ஓர் இடத்தை அவர் பிடித்து வைத்திருந்தாரா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். இவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். வாதிப்போர் இரண்டையும் குழப்பிக்கொள்வதனாலேயே சாப்பாட்டு மேசையில் உணவு ஆறிப்போகிறது.

கூப்பர் கப்பின் விஷயம் இன்னும் நயமானது. பெரிய சர்வகலாசாலை எதுவும் அழைக்காத நிலையில் கிழக்கு வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஆடியவர் அவர். மூன்றாஞ் சுற்றிலே தெரிவுசெய்யப்பட்டு 2017இல் கழகத்துள் நுழைந்தார். 2019இல் 1,161 யார் சேர்த்து நல்ல ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தார். அதற்கு மேல் எவரும் சொல்லவில்லை. பின்னர் வந்தது 2021. பிடித்த பந்து 145, முன்னேற்றம் 1,947 யார், டச்டவுண் 16. மூன்று பத்திகளிலும் அவரே முதல்வர். 2022 பெப்ரவரியில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் சின்சினாட்டி அணிக்கெதிராக, ஆட்டம் முடிய ஒன்றரை நிமிஷங்கூட இல்லாத வேளையில் வெற்றி டச்டவுணை ஏந்தியதும் அவர் கையே. அடுத்த வருஷம் 9 ஆட்டங்களில் 812 யார் சேர்த்தபின் கணுக்கால் காயத்தினால் விலகினார். 2023இலும் 2024இலும் 1,000 யாரை எட்டவில்லை.

ஒரு பருவத்து வீரர் என்று இவரைக் கூறுவோர் உளர். எமது அபிப்பிராயம் அதுவன்று. பிறைஸுக்கு மோல்ட்ஸ் மறைப்பாக இருந்ததுபோல இவருக்கு எவரும் இருக்கவில்லை. பந்து இவரிடமே வரும் என்று எதிரணி நன்கறிந்திருந்தும் வாரந்தோறும் தடுக்க முடியாமற் போயிற்று. மறுவருஷத்து 9 ஆட்டங்களில், எதிரிகள் எல்லோரும் இவருடைய படச்சுருள்களைப் போட்டுப் பார்த்து ஆராய்ந்து வந்தபின்னரும், ஆட்டத்துக்கு 90 யார் வீதம் சேர்த்திருக்கிறார். நாம் தேடும் இரண்டாம் பருவத்தின் பாதி அங்கே இருக்கிறது. உடல் இடங்கொடாமையை ஆற்றற்குறைவாக எழுதுவது நியாயமன்று.

முழுமையான அளவுகோல் வேண்டுமென்போர் ஜெறி றைஸைப் பார்க்கட்டும். 1985இல் சான் பிரான்சிஸ்கோ அணியில் சேர்ந்த முதல் வருஷத்திலே 1,000 யாரை எட்டாமல் 927இல் நின்றார்; வந்த பந்துகள் பலவற்றைக் கைநழுவ விட்டவர் என்றும் பேசப்பட்டார். அந்த ஒரு பருவத்தைக்கொண்டு அவரை எடைபோட்டிருந்தால் எப்படியிருந்திருக்கும்! அடுத்த வருஷம் 1,570 யார். முதலில் ஜோ மொன்டானா எறிந்தார், பின்னர் ஸ்ரீவ் யங் எறிந்தார். 2002இல், 40 வயதை எட்டிய பருவத்தில், ஓக்லாந்து அணியில் ஆடி, றிச் கனன் எறிந்த பந்துகளைப் பிடித்து 1,211 யார் சேர்த்தார். 1,000 யாருக்கு மேற்பட்ட பருவங்கள் 14. மொத்தம் 22,895 யார். அவருக்கு அடுத்த இடத்திலுள்ள லறி பிற்ஸ்ஜெரல்ட் சேர்த்தது 17,492. எறிபவர் மாறியும், ஊர் மாறியும், வயது ஏறியும் கணக்கு மாறவில்லை. ஆயினும் இந்த அளவுகோலால் எல்லோரையும் அளந்தால் வரிசையில் றைஸ் ஒருவரே நிற்பார்.

எனவே ஒரு பருவத்தைக் கண்டதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இரண்டாம் பருவம் உண்டா என்பது மட்டுமன்று. இல்லையெனில் ஏன் இல்லை என்றும் கேட்கவேண்டும். எதிரிகள் அறிந்துகொண்டதனாலா, உடன் ஆடியவர் பிரிந்ததனாலா, உடல் முறிந்ததனாலா? காரணத்துக்கேற்பத் தீர்ப்பு வேறுபடும்.

கிறீன் பே அணியின் ஸ்ரேர்லிங் ஷார்ப் இவ்விஷயத்தில் நெடுங்காலம் தீர்ப்புக்காகக் காத்திருந்தவர். 1992இல் 108 பந்து, 1,461 யார், 13 டச்டவுண் என்று மூன்று பத்திகளிலும் அவர் முதல்வரானார். ஒரு பருவத்தில் அத்தனை பந்து அதற்குமுன் எவரும் பிடித்ததில்லை. மறுவருஷம் 112 பிடித்துத் தமது சாதனையைத் தாமே முறியடித்தார். 1994இல் 18 டச்டவுண். அந்தப் பருவத்தின் முடிவில் கழுத்திலே காயம் கண்டது. ஆட்டம் அத்தோடு நின்றது. ஆடியவை 7 பருவங்கள். அவற்றில் ஓர் ஆட்டத்தையேனும் அவர் தவறவிட்டதில்லை. இரண்டு வருஷங்கழித்து அவருடைய பழைய அணி தேசிய வாகை சூடியபோது அவர் அதில் இல்லை.

அவருடைய தம்பி ஷானனும் இதே ஆட்டத்தில் வேறோர் இடத்தில் ஆடிய வீரர். ஒஹாயோ மாநிலத்துக் கன்டன் நகரிலுள்ள புகழ் மண்டபத்திலே தம்பிக்கு 2011இல் இடம் கிடைத்தது. அன்றைய உரையில், தம் குடும்பத்தில் தாம் இரண்டாந்தர வீரரே என்று அவர் அண்ணனைச் சுட்டிப் பேசினார். அண்ணனுக்கு அம்மண்டபம் திறந்தது 2025இல், கடைசி ஆட்டம் ஆடி 30 வருஷங்களுக்கு மேல் சென்றபின். இதற்கெல்லாம் முன்னரே தம்பி தம் தீர்ப்பை எழுதிவிட்டார். 1998 ஜனவரியிலே அவருடைய டென்வர் அணி இறுதிப் போட்டியில் வென்றது. தோற்றது அண்ணனின் பழைய அணியாகிய கிறீன் பே. அவ்வெற்றிக்காகத் தமக்குக் கிடைத்த மோதிரத்தைத் தம்பி அண்ணனிடமே கொடுத்துவிட்டார்.