இரண்டு அன்டனா, ஒரு டி.வி. – எப்படிச் சேர்ப்பது?

கொழும்புக்கு வேலைக்குப் போய் கொலன்னாவை பக்கம் வாடகை அறையில் இருக்கும் நம்ம பிள்ளைகளும், தோட்டத்தில் லயத்தில் இருக்கும் பெற்றோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அன்டனாவை இந்தப் பக்கம் திருப்பினா ஒரு சேனல் தெளிவு, மற்றது புள்ளி புள்ளியா வருது. இரண்டு அன்டனா கட்டி ஒரே வயரில் சேர்க்கலாமா?"

சேர்க்கலாம். ஆனால் அதற்கு முறை உண்டு.

நம் நாட்டில் 1979இல் ஐ.டி.என். கொழும்புப் பகுதியில் ஆரம்பமானது. 1982இல் ரூபவாஹினி வந்தபோது 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலை மலையில் பெரிய கோபுரம் அமைத்தார்கள். கொலன்னாவையில் நின்று பார்த்தால் அந்த மலை கிழக்கே, சுமார் 100 கிலோமீற்றர் தூரம். கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் உள்ள ரூபவாஹினி நிலையமோ தென்மேற்கே, சில கிலோமீற்றர்தான். அன்டனா தன் குட்டைக் குச்சி நோக்கும் பக்கத்து அலையைத்தான் நன்றாகப் பிடிக்கும். பின்பக்கம் குறைவு. ஆகவே கொலன்னாவையில் இருப்பவர்கள் முதலில் கொழும்புப் பக்கம் திருப்பிப் பாருங்கள். அதுவே போதுமென்றால் இரண்டாவது அன்டனா வீண் செலவு. தோட்டத்தில் மலை மறைப்பதால்தான் இரண்டு தேவைப்படுகிறது.

வயரை முறுக்கிக் கட்டக் கூடாது

பலர் இரண்டு வயரையும் உரித்து முறுக்கி விடுகிறார்கள். அப்போது ஒரே சேனலை இரண்டு அன்டனாவும் பிடித்து, முன்பின்னாகக் கொண்டு வரும். படத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், சில வேளை ஒன்றை ஒன்று அழித்துவிடும். ஒரு அன்டனா பிடித்ததில் ஒரு பங்கு மற்ற அன்டனா வழியே வெளியேயும் போய்விடும். ஆக, இரண்டுமே கெடும்.

சரியான வழிகள்

1. ஒன்று நீளக் குச்சி உள்ள வி.எச்.எஃப். அன்டனா, மற்றது குட்டைக் குச்சி உள்ள யு.எச்.எஃப். அன்டனா என்றால் வேலை சுலபம். இந்த இரண்டையும் சேர்க்கும் சிறு பெட்டி என்று கடையில் கேட்டு வாங்குங்கள். அது இரண்டையும் கலக்க விடாமல் ஒரே வயரில் அனுப்பும். இழப்பு மிகக் குறைவு.

2. இரண்டும் ஒரே வகை என்றால், இரண்டு வயரையும் தனித்தனியே கீழே இறக்கி ஒரு சுவிட்ச் போடுவதே நல்லது. சேனலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

3. ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் பெட்டியைத் திருப்பிப் போட்டும் சேர்க்கலாம். ஆனால் பிடித்த அலையில் பாதி போய்விடும், நிழலும் வரலாம். செய்வதென்றால் இரண்டு வயரும் ஒரே நீளமாக இருக்கட்டும்.

ஒரே கம்பத்தில் இரண்டையும் கட்டினால் நடுவில் ஒரு மீற்றராவது இடைவெளி விடுங்கள். பூஸ்டர் போடுவதாக இருந்தால் டி.வி.க்குப் பின்னால் அல்ல, அன்டனா பக்கத்தில் போட வேண்டும். வயரில் சேர்ந்த இரைச்சலைப் பெருக்கி என்ன பயன்? கோபுரத்துக்குக் கிட்ட உள்ள கொலன்னாவையில் பூஸ்டர் படத்தைக் கெடுக்கவும் கூடும்.

உயிர் முக்கியம்

அன்டனா கம்பம் பெரும்பாலும் இரும்பு அல்லது அலுமினியம். அது கரண்ட் கம்பியில் பட்டால் பிடித்திருப்பவர் உயிர் போகும். கம்பம் சரிந்தாலும் கம்பியைத் தொடாத இடத்தில் நடுங்கள். ஈரக் கூரையில் ஏறாதீர்கள், தனியாகவும் ஏறாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி அதிகம். இடி கேட்கும் முன்பே பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றி விடுங்கள். இடிக்கும்போது தொடவே கூடாது.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. 2016 மே மாதம் கொலன்னாவையை வெள்ளம் மூடியது. மழைக்காலத்தில் தமிழில் செய்தி கேட்பது நமக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. அதனால் டி.வி. வயரைக் கழற்றிய நேரத்தில் கேட்பதற்கு, பற்றரி ரேடியோ ஒன்றையும் வீட்டில் தயாராக வைத்திருங்கள்.